ஸர் அலெக் இஸிகோனிஸ்

அயல்நாட்டிலே பிறந்து அரும்புகழ் எய்தி மறைந்தோருடைய சரித்திரங்களை இச்சஞ்சிகையில் அவ்வப்போது எழுதிவருதல் வழக்கம். அரசரும் படைத்தலைவரும் புலவருமே பெரும்பாலும் இவ்வரிசையில் இடம்பெறுவர். இம்முறை, கையில் அரமும் ரம்பமும் பிடித்து, விலை மலிவான சிறு மோட்டார் வண்டியொன்றைப் பிரித்துப் பந்தய வண்டியாக்கிய ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தோம். மரத்தையும் உலோகத்தையும் தொட்டு வாழ்ந்த முன்னோரை உடைய நம்மவர்க்கு இச்சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது என்பது எம் துணிபு. மேலும், பரீட்சையில் தவறிய பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு மனம் நொந்திருக்கும் தாய்தந்தையர் நம் சங்கத்திலும் சிலர் உளர். அவர்கள் இதனைச் சற்று நிதானமாகவே படிப்பார்களாக.

இன்று இஸ்மீர் என்று வழங்கும் ஸ்மிர்னா என்னும் துறைமுகப் பட்டினம் முன்னர்த் துருக்கிய ஸுல்தானின் ஆட்சியில் இருந்தது. கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் யூதரும் கலந்து வாழ்ந்த அவ்வூரிலே 1906-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் தேதி அலெக் இஸிகோனிஸ் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் கிரேக்க வமிசத்தவர். கப்பல் யந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை உடையவர். பாட்டனார் காலத்திலேயே அக்குடும்பத்தினர் பிரிட்டிஷ் பிரஜைகளாயினர். தாயார் ஹுல்டா அம்மையார் ஜெர்மானிய வழியினர். இவ்விருவருக்கும் அலெக் ஒரே புதல்வர். தொழிற்சாலையின் பட்டறை ஓசையே அக்குழந்தைக்குத் தாலாட்டாயிற்று என்று சொல்லலாம்.

1914-ல் மூண்ட பெரும்போரில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தமையால், பிரிட்டிஷ் பிரஜைகளான இக்குடும்பத்தினர் தாம் பிறந்த ஊரிலேயே பகைவராயினர். தொழிற்சாலை போர்க்காரியத்திற்காகப் பறிக்கப்பட்டது. போர் ஓய்ந்தபின் கிரேக்கப் படைகள் ஸ்மிர்னாவைக் கைக்கொண்டன. 1922 செப்டம்பரில் துருக்கியப் படைகள் அதனை மீட்டன. அப்பொழுது எழுந்த நெருப்பில் ஊரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பிரிட்டிஷ் கப்பல்கள் தம் பிரஜைகளை ஏற்றிக்கொண்டு மால்டாத் தீவுக்குச் சென்றன. வீடும் தொழிற்சாலையும் செல்வமும் கரையிலேயே நின்றன. நோயுற்றிருந்த தந்தையார் மால்டாவில் காலஞ்சென்றார். கைம்பெண்ணான ஹுல்டா அம்மையார் 1923-ல் தம் ஒரே மகனோடு லண்டன் மாநகர் சேர்ந்தார். மகனுக்கு அப்பொழுது வயது பதினாறே.

அலெக்குக்குப் பொறியியல் கற்கவேண்டும் என்னும் ஆசை. லண்டனில் பாட்டர்ஸீ பாலிடெக்னிக் என்னும் கலாசாலையில் மூன்றாண்டுப் படிப்பில் அமர்ந்தார். சித்திரம் வரைதலில் அவரை மிஞ்சியவர் சிலரே. கணிதமோ அவர்க்குக் கைவரவில்லை. ஒருமுறையன்று, இருமுறையன்று, மும்முறை கணிதப் பரீட்சையில் தவறினார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றபின்னரும், கணிதம் கற்பனைக்குப் பகை என்று அவர் சொல்லிவந்தாராம். இவ்விஷயத்தில் யாம் அவரோடு உடன்படோம். பாலமும் வண்டியும் முறியாதிருப்பதற்குக் கணிதம் வேண்டியதே. அவருடைய சித்திரங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் அவர் அருகிலேயே இருந்தனர். எனினும், பரீட்சைத் தாளில் அடங்காத ஓர் அறிவு அவருடைய கையிலும் கண்ணிலும் இருந்தது என்பதை மறுப்பார் யார்? அதனைத் தாயார் முதலில் உணர்ந்தார். கையிலிருந்த சொற்பப் பொருளில் மகனுக்கு ஒரு ஸிங்கர் மோட்டார் வண்டி வாங்கித் தந்தார். தாயும் மகனும் அவ்வண்டியில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தனர். வழியெல்லாம் வண்டி பழுதாயிற்று. வழியெல்லாம் மகன் அதனைச் செப்பனிட்டார். அதுவே அவருடைய மேற்படிப்பு.

1928-ல் லண்டனில் ஒரு சிறு கம்பெனியில் படம் வரையும் வேலை கிடைத்தது. 1934-ல் கவென்ட்ரி நகரத்து ஹம்பர் தொழிற்சாலைக்குச் சென்றார். இங்கேதான் நாம் சொல்லப் புகுந்த கதையின் நடு இருக்கின்றது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்தினர்க்கு மோட்டார் வண்டியைக் கைக்கெட்டும்படி செய்தது ஆஸ்டின் ஸெவன் என்னும் சிறு வண்டி. 1922-ல் ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பார் அதனை வெளியிட்டார். என்ஜினின் கொள்ளளவு 747 கன சென்டிமீட்டரே. அதன் அடிச்சட்டம் ஏ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவினது. முன்னே குறுகிப் பின்னே விரிவது. இவ்வண்டி மலிவானது, எளிதில் பிரிக்கத் தக்கது, உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைப்பது. ஆதலின், பந்தய ஆசை உடையவரும் பணமில்லாதவருமான இளைஞர் நூற்றுக்கணக்கானோர் இதன் மேலுடலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தம் மனம்போல் வேறு உடல் கட்டி ஓட்டினர். இஸிகோனிஸும் ஓர் ஆஸ்டின் ஸெவனை வாங்கினார். அது அல்ஸ்டர் என்னும் பந்தய வகையைச் சேர்ந்தது. முதலில் மற்றவரைப் போலவே முன் அச்சையும் வில்களையும் மாற்றிப் பார்த்தார். வேகம் கூடிற்று, ஆயினும் வளைவுகளில் சட்டம் முறுக்கிக்கொண்டது. சட்டம் முறுக்கினால் சக்கரங்கள் தாம் நிற்கவேண்டிய கோணத்தில் நில்லா. ஓட்டுபவன் எவ்வளவு வல்லவனாயினும் வண்டி அவன் சொற்படி கேளாது.

இதற்குப் பிறர் கண்ட பரிகாரம் சட்டத்தைத் தடிப்பாக்குதல். தடித்த சட்டம் கனமானது; கனத்தை இழுக்கப் பெரிய என்ஜின் வேண்டும்; பெரிய என்ஜினுக்கு இன்னும் தடித்த சட்டம் வேண்டும். இவ்வழியே சென்றால் முடிவில்லை. இஸிகோனிஸ் சட்டத்தையே ஒழித்துவிடத் துணிந்தார். உடலே சட்டமாகட்டும் என்பது அவர் கருத்து. நம் வீட்டுத் தீப்பெட்டியை எடுத்து இதனைச் சோதிக்கலாம். உள்தட்டை மட்டும் கையில் எடுத்து முறுக்கினால் எளிதில் திருகும். உறையினுள் செருகிவிட்டு முறுக்கினால் எதிர்த்து நிற்கும். தாளின் தடிப்பு கூடவில்லை. அமைப்பு மாறியதே காரணம்.

இலகு வண்டி என்று பொருள்படும் லைட்வெயிட் ஸ்பெஷல் என்பது அவ்வண்டிக்கு வழங்கிய பெயர். ஜார்ஜ் டௌசன் என்னும் நண்பர் இம்முயற்சியில் உடனுழைத்தார். கெனில்வொர்த் என்னும் சிற்றூரில் தாயும் மகனும் குடியிருந்த வீட்டின் வண்டிக்கொட்டிலே பட்டறை. மின்சாரத்தால் இயங்கும் கருவி ஒன்றும் இல்லை. கைரம்பமும் அரமும் கைத்துளைப்பானும் கொண்டே வேலை நடந்தது. பகலில் தொழிற்சாலை வேலை. மாலையிலும் வாரக்கடைசியிலும் இவ்வேலை. 1934-ஐ ஒட்டித் தொடங்கியது 1938-ல்தான் ஓடும் நிலைக்கு வந்தது. இடையில் 1936-ல் இஸிகோனிஸ் ஆக்ஸ்போர்டு அருகே கௌலியிலுள்ள மாரிஸ் தொழிற்சாலைக்கு மாறினார். அப்பொழுதும் வேலை நின்றுவிடவில்லை.

அவ்வுடல் செய்யப்பட்ட விதத்தைச் சற்று விரித்துரைப்போம். இரு பக்கச் சுவர்களும் ஒட்டுப்பலகையால் ஆனவை. பலகையின் இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டப்பட்டது. மெல்லிய தகடு தனியே நின்றால் அமுக்கும்போது நெளியும். இடையில் பலகை இருந்து இரண்டு தகடுகளையும் விலக்கிப் பிடித்துக்கொண்டால், ஒரு தகடு இழுபட மற்றொன்று அமுங்கி, இரண்டும் சேர்ந்து வளைவை எதிர்க்கும். இவ்விரு சுவர்களையும் குறுக்கே பிணைப்பதற்கு அடித்தகடும், இருக்கையும், முன்னும் பின்னுமுள்ள தடுப்புகளும் உதவின. இவ்வண்டியில் சும்மா இருந்து சுமையான பாகம் ஏதும் இல்லை. இருக்கை கூட வேலை செய்தது. நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே ஏறி இறங்கின. எஃகு வில்களுக்குப் பதிலாக ரப்பரே பயன்பட்டது. முன்புறத்தில் ரப்பர் அமுங்கியும் பின்புறத்தில் இழுபட்டும் அதிர்ச்சியைத் தாங்கிற்று. முழு வண்டியின் நிறை 600 ராத்தலுக்கும் குறைவு. நான்கைந்து பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம்!

இக்காலத்தில் இவையெல்லாம் சாதாரணம். அக்காலத்தில் பெரிய பந்தயக் கம்பெனிகளே சட்டத்தின்மேல் உடலை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தன. கிராண்ட் பிரீ பந்தயங்களில் உடலே சட்டமாகிய லோட்டஸ் வண்டி வெற்றிக்கொடி நாட்டியது 1962-க்குப் பின்னரே என்பதை நோக்குங்கால், கொட்டிலில் அரம் பிடித்த இவ்விருவரின் தூரதிருஷ்டி விளங்கும். பிரெஸ்காட் முதலிய மலைச்சாலைப் பந்தயங்களில் இலகு வண்டி ஓடிற்று. காண்போர் அதனைத் தொழிற்சாலையில் வார்த்த வண்டி என்றே எண்ணினர். அவ்வளவு செப்பமான வேலை. 1939-ல் மீண்டும் போர் வந்தமையால் வண்டி கொட்டிலுக்குத் திரும்பியது.

போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ல், பிரைட்டன் கடற்கரைச் சாலையில் நடந்த வேகப் போட்டியில் இலகு வண்டிக்கு எதிரே ஒரு விசித்திர வண்டி வந்து நின்றது. இரண்டு பழைய பியட் டோபோலினோ வண்டிகளின் முன்பாகங்களை அறுத்து முதுகோடு முதுகாக இணைத்து, மோட்டார் சைக்கிள் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்திருந்தனர். அதனைச் செய்தவர் ஜான் கூப்பர் என்னும் இளைஞரும் அவர் தந்தையாரும். சிறு வண்டியை அறுத்துப் பந்தய வண்டியாக்கிய இருவர் அங்கே சந்தித்து நண்பராயினர். இந்த நட்பின் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

மாரிஸ் கம்பெனியில் இஸிகோனிஸ் போர்க்காலத்திலேயே ஒரு புதிய சிறு வண்டிக்குப் படம் வரைந்து வந்தார். அதுவே 1948 அக்டோபரில் வெளிவந்த மாரிஸ் மைனர். வெளியீட்டுக்கு முன், ஏறக்குறைய எல்லாம் முடிந்த தறுவாயில், மாதிரி வண்டி மிகக் குறுகலாக இருப்பதாக அவர் கண்ணுக்குத் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தாரல்லர். வண்டியை நெடுக்கு வாட்டத்தில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம். அம்மைனர் வண்டியின் என்ஜின் மூடியின் நடுவே நெடுக ஓடும் மேடான பட்டை அந்த 4 அங்குலமே. முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்து இணைத்தனர். கம்பெனியின் அதிபர் நபீல்டு பிரபு இவ்வண்டியைக் கண்டு, வெந்நீரில் இட்ட முட்டையைப் போல் இருக்கின்றதென்று எள்ளினார். அந்த முட்டை 1960 முடிவதற்குள் பத்து லட்சம் விற்றது. அத்தொகையை எட்டிய முதல் பிரிட்டிஷ் வண்டி அதுவே.

1952-ல் கம்பெனிகள் ஒன்றாயின. இஸிகோனிஸ் விலகி ஆல்விஸ் என்னும் கம்பெனிக்குச் சென்றார். அங்கே அவர் வரைந்த பெரிய வண்டி வெளிவரவே இல்லை. 1955-ல் லெனார்டு லார்டு என்பார் மீண்டும் அழைத்துக்கொண்டார். 1956-ல் ஸூயஸ் கால்வாய்ச் சண்டையால் இங்கிலாந்தில் பெட்ரோல் பங்கீடு வந்தது. சிறிய வண்டி, உடனே வேண்டும் என்று லார்டு கட்டளையிட்டார். இஸிகோனிஸ் 10 அடி நீளத்தில் நால்வரை அமர்த்தினார். என்ஜினைக் குறுக்கே திருப்பி, கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே வைத்து, முன்சக்கரங்களை ஓட்டச் செய்தார். சக்கரங்கள் 10 அங்குலமே. எஃகு வில்களுக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் என்பார் வகுத்த ரப்பர்க் கூம்புகள். கெனில்வொர்த் கொட்டிலில் சோதித்த ரப்பர் இருபதாண்டுக்குப்பின் மீண்டும் தலைகாட்டிற்று. 1959 ஆகஸ்டு 26-ஆம் தேதி மினி என்னும் அவ்வண்டி உலகுக்கு அறிமுகமாயிற்று.

குற்றமற்ற வண்டி என்று யாம் சொல்லவில்லை. தரைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு தவறான திசையை நோக்கி அமைந்தமையால், முதலில் விற்ற வண்டிகளில் மழைநாளில் நீர் உள்ளே புகுந்தது. காலடிக் கம்பளம் குளமாயிற்று. விலையையும் மிகக் குறைவாக வைத்துவிட்டனர். ஃபோர்டு கம்பெனியார் ஒரு மினியை வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்துக் கணக்கிட்டு, வண்டி ஒன்றுக்குச் சுமார் 30 பவுன் நஷ்டம் என்று கண்டனராம். இஸிகோனிஸும் பிடிவாதக்காரர். வண்டியில் ரேடியோ வேண்டாம், இருக்கை மிக மெத்தென்று இருந்தால் ஓட்டுபவன் அயர்வான் என்பன போன்ற கொள்கைகளை வாங்குவோர் தலையில் ஏற்றினார். பிறர் சொல் கேட்கும் குணம் அவரிடம் குறைவு.

இப்பிடிவாதம் ஜான் கூப்பரிடமும் வெளிப்பட்டது. 1959, 1960 ஆகிய இரண்டாண்டுகளிலும் உலகப் பந்தயப் பட்டத்தை வென்ற கூப்பர், மினியை ஓட்டிப் பார்த்தவுடன் அதன் பந்தயத் தகுதியை உணர்ந்தார். வேகமான வகையொன்று செய்வோம் என்று நண்பரிடம் கேட்டார். இஸிகோனிஸ் இசையவில்லை. இது செவிலிக்கும் தொழிலாளிக்கும் செய்த வண்டி, பந்தயக்காரர்க்கு அன்று என்பது அவர் வாதம். ஏழையின் ஆஸ்டினை அறுத்துப் பந்தயம் ஓட்டியவரே இதனைச் சொன்னார் என்பது வியப்பு! தாம் செய்த குறும்பைத் தம் பிள்ளை செய்ய ஒப்பாத தந்தையர் எல்லா நாட்டிலும் உண்டு போலும். கூப்பர் மேலதிகாரியான ஜார்ஜ் ஹாரிமனிடம் சென்று அனுமதி பெற்றார். 1961-ல் மினி கூப்பர் பிறந்தது. 997 கன சென்டிமீட்டர் என்ஜின், முன்சக்கரங்களில் தட்டுப் பிரேக்கு. 1964-ல் மான்டி கார்லோ நெடும்பந்தயத்தில் பாடி ஹாப்கர்க் அதனை ஓட்டி முதல்வரானார். 1965-லும் 1967-லும் அவ்வெற்றி மீண்டது. 1966-ல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்தன. விளக்குகள் விதிக்கு மாறானவை என்று நடத்தியோர் அவற்றைத் தள்ளிவிட்டனர். இம்முடிவு நியாயமன்று என்றே யாமும் கருதுகின்றோம்.

பின்னர் ஊர்தோறும் இளைஞர் மினியின் உடலைப் பந்தயத்துக்காக மாற்றத் தொடங்கினர். அவர் செய்தவற்றைப் பார்த்தால் இஸிகோனிஸின் பழைய கொட்டில் நினைவுக்கு வரும். கம்பளமும் பின்னிருக்கையும் முதலில் வெளியேறும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக்குத் தகடு. எஃகுக் கதவுக்கும் என்ஜின் மூடிக்கும் பதில் அலுமினியம். அகன்ற சக்கரம் பூணுவதற்கு வளைவுகளை வெட்டி அகட்டினர். ஓட்டுநரைச் சுற்றி எஃகுக் குழாயால் கூண்டு கட்டினர். அது கவிழ்ந்தால் காப்பதோடு உடலின் முறுக்கத்தையும் தடுத்தது. மினியின் தகடுகள் கூடும் விளிம்புகள், செலவைக் குறைக்க வேண்டி, வெளிப்புறமாகவே நீட்டிவிடப்பட்டுப் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. சிலர் இவ்விளிம்புகள் காற்றைத் தடுக்கின்றன என்று அறுத்தெறிந்தனர். முதலில் மூட்டு நெடுகத் தொடர்ச்சியாகப் பற்றவைத்துவிட்டு அறுத்தவர் பிழைத்தனர். முந்தி அறுத்தவருடைய வண்டி மூட்டு விட்டுப் போயிற்று. வேறு சிலர் கூரையைத் தாங்கும் தூண்களில் ஒன்றரை அங்குலம் வெட்டியெடுத்துக் கூரையை இறக்கினர். தூண்கள் சாய்வானவை, குறைத்தபின் மேல்முனையும் கீழ்முனையும் நேர்ப்படா. கூரையையும் இடையில் பிளந்து ஒட்டுப்போட வேண்டும், கண்ணாடியையும் புதிதாக அறுக்க வேண்டும். அளவு தவறினால் கதவு மூடாது. இதனைச் செவ்வனே செய்து முடித்தவரை நம் பட்டறைப் பெரியவர்கள் கண்டிருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியிருப்பர்.

இஸிகோனிஸுக்கு 1967-ல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினர் பதவி கிடைத்தது. கணிதத்தில் மும்முறை தவறியவருக்கு விஞ்ஞானிகளின் சபையில் ஆசனம்! 1969-ல் ஸர் பட்டம். ஆயினும் 1968-ல் கம்பெனி லேலண்டோடு இணைந்தபின் புதிய அதிகாரிகள் அவரை ஓரத்தில் அமர்த்தினர். 1971-ல் ஓய்வு பெற்றார். நண்பர்கள் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்க, குழந்தைகள் திருகாணி முடுக்கி விளையாடும் மெக்கானோப் பெட்டிகளில் மிகப் பெரியதான 10-ஆம் எண் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கப்பலேறிய நாள்முதல் ஹுல்டா அம்மையார் மகனுடனேயே வாழ்ந்தார்; கெனில்வொர்த் வீட்டில் பலகைத்தூளையும் அலுமினியச் சீவலையும் ஆண்டுக்கணக்காகப் பொறுத்தவர் அவரே. 1972-ல் அம்மையார் காலமானார். அதன்பின் மகன் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்; காதைப் பற்றித் தலைசுற்றலைத் தரும் நோயும் அவரை வருத்தியது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி பர்மிங்ஹாம் நகரத்து எட்ஜ்பாஸ்டனில், 81-ஆம் வயதில், உயிர் நீத்தார். மினி அவருக்குப்பின் பன்னிரண்டு ஆண்டுகள், 2000 அக்டோபர் வரை, அதே உருவில் செய்யப்பட்டு வந்தது. மொத்தத் தொகை ஐம்பத்துமூன்று லட்சத்தைக் கடந்தது. கொட்டிலில் செய்த இலகு வண்டி ஒன்றே ஒன்றுதான்.